கட்டுக்காரியின் நாலாவது விரல்

வெல்டரைக் கொன்றது நாய்க்கடி, கட்டுக்காரி இல்லை. இதை எத்தனை தரம் சொன்னாலும் குழாயடியில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு நிற்கிறவர்களுக்கு மண்டையில் ஏறுவதில்லை. "நாய் கடிச்சுது, சரி. நாய்கிட்ட ஆளை அனுப்பினது யாரு?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த குடத்தை நகர்த்துகிறார்கள். அனுப்பினாளாம்! அந்த மனிதரோடு அவள் வாழ்நாளில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கிரில் பட்டறையைத் தாண்டிப் போகும்போது, நீலப் பொறிக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒரு தலை குனிந்திருக்கும். அவ்வளவுதான் பழக்கம்.

"கையெழுத்துப் போடத் தெரியாதவளுக்குப் பள்ளிக்கூடத்துக்குள்ள என்ன வேலை?" என்பது அடுத்த கேள்வி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். படித்தவர்களே நிறைந்த அந்தப் பள்ளிக்கூடத்தில், அடிபட்ட நாயிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லையே, அதற்கு என்ன பதில்? கையெழுத்தா வந்து நாயின் வாயைக் கட்டப் போகிறது?

வெல்டர் செத்ததும் வீட்டுக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டாள் என்றும் சொல்கிறார்கள். அது மட்டும் நிஜம். பன்னிரண்டு நாள் பதுங்கித்தான் கிடந்தாள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் முறை. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்றாலும், பாதி தெரிந்து பேசுவதற்கு முழுதும் தெரிந்து பேசட்டும்.

கட்டுக்காரி என்ற பேர் அவளுக்கு வந்தது மாட்டாஸ்பத்திரியில். கூட்டிப் பெருக்கத்தான் அங்கே சேர்ந்தாள். ஒருநாள் காயத்துக்குக் கட்டுப் போடுகிற ஆளை ஒரு பசு உதைத்து, அவர் தனக்கே கட்டுப் போட்டுக்கொள்ளப் போய்விட்டார். டாக்டர் ஒரு கையில் நாயின் காலும் மறு கையில் பஞ்சுமாக நின்று, "யாராவது வந்து இதை முடிங்கப்பா!" என்று கத்தினார். இவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்து முடிந்தாள். அந்த நாய் மூன்று நாள் கடித்து இழுத்தும் முடிச்சு அவிழவில்லை. நாலாம் நாள் டாக்டராலும் அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோல் தேட வேண்டியதாயிற்று. அதோடு துடைப்பம் வேறு கைக்கு மாறியது.

இருபத்திரண்டு வருஷம். ஆடு, மாடு, கழுதை, வாலில் டப்பா கட்டி விடப்பட்ட நாய், தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த பூனை எல்லாம் அவள் கைக்குள் வந்து போயின. அவளுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: முதல் கட்டு வாய்க்கு, இரண்டாவது கட்டுதான் காயத்துக்கு. எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் துணிப்பட்டையால் மூக்கைச் சுற்றிக் காதுக்குப் பின்னால் முடிந்த பிறகுதான் புண்ணைத் தொடுவாள். நாயின் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். "எங்க வீட்டு நாய் கடிக்காதும்மா" என்பார்கள். "உங்க நாய் கடிக்காதுங்க. அதோட வலி கடிக்கும்" என்பாள்.

பிள்ளைகள் பக்கம் அவள் புத்தி போனது ஒரு பெண் குழந்தையால். ஒருநாள் காலையில் ஒரு தாய் நாலு வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குள் ஓடிவந்தாள். நாய் கடித்தால் நாய் டாக்டரிடம்தானே போக வேண்டும் என்று நினைத்துவிட்டாள், பாவம். துண்டை விலக்கிப் பார்த்தால் குழந்தையின் மேலுதடு ஒரு பக்கம் தொங்குகிறது. வண்டியில் அடிபட்டுக் கிடந்த குட்டி நாய் அழுதிருக்கிறது. அழுகிற தம்பிக்கு அம்மா என்ன செய்வாளோ அதையே இந்தக் குழந்தையும் செய்திருக்கிறது: குனிந்து முத்தம் கொடுத்திருக்கிறது.

ஆயிரம் காயம் பார்த்த கட்டுக்காரி அன்றைக்குத் தானே கட்டுப் போடப் பார்க்கவில்லை. குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு மனுஷ ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். தையல் போட்டு, ஊசி போட்டு, குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் திரும்பி வரும்போது அந்தச் சின்ன வாய் கேட்ட கேள்வி அவளை விடவில்லை. "நான் திட்டவே இல்லையே, ஏன் கடிச்சுது?"

அடுத்த வாரம் தலைமையாசிரியை முன்னால் போய் நின்றாள். "ஒரு மணி நேரம் குடுங்க டீச்சர். நாயா வரேன்."

"என்னவா வரீங்க?"

"நாயா."

நாயாகத்தான் வந்தாள். மேஜைக்கு அடியில் சுருண்டு கிடந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு, அடிபட்ட நாய் மாதிரி முனகினாள். இருபது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக் கேட்டு நெஞ்சில் ஏறியிருந்த முனகல் அது. வகுப்பு முழுவதும் "அச்சச்சோ" என்று எழுந்து வந்தது. கைகள் நீண்டன. சட்டென்று பாய்ந்து கவ்வினாள், விரல்களால். விரல் நுனியில் சிவப்புச் சாக்பீஸ் தூள். எண்ணிப் பார்த்தால் பதினோரு கைகளில் சிவப்பு. இரண்டு பேர் அழவே ஆரம்பித்துவிட்டார்கள்.

"இது தூளு. கழுவினா போயிடும். நிஜமா இருந்தா?" என்று கேட்டுவிட்டு, பதினோரு பேரையும் குழாய்க்கு ஓட்டிப்போனாள். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கையைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர்கள் ஒன்றாம் வாய்ப்பாட்டிலிருந்து பதினாறாம் வாய்ப்பாடு வரை நிதானமாகச் சொல்ல வேண்டும். பதினாறு முடிகிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. அவளுக்குக் கடிகாரம் பார்க்க வராது; வாய்ப்பாடு முடிய கால் மணி ஆகும் என்று தலைமையாசிரியைதான் கணக்குச் சொன்னார்.

"ஒரு முழு சோப்பு ஒரே நாள்ல கரைஞ்சு போச்சும்மா" என்று அவரே குறையும் பட்டார்.

"சோப்பு கரையட்டும் டீச்சர். பிள்ளை கரையக்கூடாது."

பிறகு விரலை மடக்கிச் சொல்லிக்கொடுத்தாள். சுண்டுவிரலை மடக்கினால் 'நில்லு': அடிபட்ட பிராணியைப் பார்த்ததும் ஓடாதே, கிட்டே போகாதே, நின்ற இடத்தில் நில். மோதிர விரலுக்குத் 'தள்ளு': அதன் கண்ணைப் பார்க்காமல், முதுகைக் காட்டாமல், மெல்லப் பின்னால் தள்ளிப் போ, மற்றவர்களையும் தள்ளு. நடுவிரலுக்குச் 'சொல்லு': பெரியவர் ஒருவரிடம் போய்ச் சொல். ஆள்காட்டி விரலுக்குக் 'கேளு': அந்தப் பெரியவர் சொல்கிறபடி கேள், நீயாக எதையும் செய்யாதே. நில்லு, தள்ளு, சொல்லு, கேளு. பிள்ளைகள் அதைப் பாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். தெருவில் பாண்டி ஆடும்போதுகூட அதைச் சொல்லித்தான் நொண்டினார்கள்.

அந்த வகுப்பில் வெல்டரின் மகள் இருந்தாள். எட்டு வயது. எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்பதால் பள்ளிக்கூடமே அவளுக்கு வக்கீல் என்று பேர் வைத்திருந்தது.

"அத்தை, நமக்குத் தெரிஞ்ச நாயா இருந்தா?"

"வலி வந்தா அதுக்கு நம்மளத் தெரியாது."

"பூனைன்னா?"

"பூனைக்கும் அப்படித்தான்."

"பாம்பு?"

"பாம்புக்கு அடிபடாமலே தள்ளி நில்லு தாயே."

வகுப்பு சிரித்தது. வக்கீல் சிரிக்கவில்லை. "நாம போய்ச் சொல்ற பெரியவங்களுக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"ஏய் வக்கீல், உட்காரு" என்றார் தலைமையாசிரியை. கட்டுக்காரியும் சிரித்துக்கொண்டே ஆள்காட்டி விரலை மடக்கிக் காட்டினாள். "பெரியவங்களுக்குத் தெரியும்டா கண்ணு. நீ கேளு, போதும்." மணி அடித்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் இரும்புக் கதவில் ஒரு நாய் தலையை விட்டுக்கொண்டு மாட்டிக்கொண்டது. கம்பி கழுத்தில் அறுக்க, நுரை தள்ள, கத்திக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஓடிப்போய்த் தலையைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். வக்கீல் கையை இரண்டு பக்கமும் விரித்துக் குறுக்கே நின்றுவிட்டாள். "நில்லு! தள்ளு!" ஒரு பிள்ளையையும் விடவில்லை. பிறகு மூச்சிரைக்க ஓடினாள். யாரிடம் ஓடுவாள்? கம்பியில் மாட்டிய நாயை எடுக்கக் கம்பி அறுக்கிறவரைவிடப் பெரியவர் யார் இருக்கிறார்? பட்டறை அடுத்த தெரு முனையில்தான். அப்பா வந்தார். அவரோடு வேலை செய்கிற பெயின்டரும் வந்தார். கம்பியை அறுத்து வளைத்து நாயை விடுவித்தார்கள். அது வாலைக் கால்களுக்கிடையில் சொருகிக்கொண்டு ஓடியே போய்விட்டது. அப்புறம் யார் கண்ணிலும் படவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் வக்கீலை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கை தட்டினார்கள். கட்டுக்காரியையும் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கு அவள் நடையே வேறு. தரையில் கால் பாவவில்லை. அந்த மயக்கத்திலும் ஒன்றை விசாரிக்காமல் விடவில்லை. "பிள்ளைங்க யாரையும் நாய் தொடலையே? பல்லு, நகம், எச்சில், எதுவும் படலையே?" ஒருவர் மேலும் படவில்லை என்றார்கள். நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டாள்.

பிள்ளைகளைப் பற்றித்தான் கேட்டாள். பெரியவர்களைப் பற்றிக் கேட்கவில்லை. இதை மறைத்து அவளுக்காக வாதாடினால் அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள்.

ஒரு மாதத்துக்கும் மேல் ஆயிற்று. ஒருநாள் முன்மதியம், முள்வேலியில் கிழித்துக்கொண்ட ஓர் ஆட்டின் காலுக்கு அவள் கட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள். டாக்டர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"கிரில் பட்டறை வெல்டர் காலையில போயிட்டாராம். நாலு நாளா ஆஸ்பத்திரியில இருந்திருக்கார். தண்ணி டம்ளரைப் பார்த்தாலே அலறியிருக்கார். காத்தாடி காத்து மேல பட்டாகூடத் தூக்கித் தூக்கிப் போட்டிருக்கு. நம்ம பக்கத்துல வெறி நாய் ஏதாவது இருந்துச்சான்னு கேட்கறாங்க."

அவள் கை நின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பிராணி பாதிக் கட்டோடு நின்றது. சுருள் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டு போனது. "கம்பி…" என்றாள். என்ன கம்பி, எந்தக் கம்பி என்று டாக்டர் கேட்பதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

சாவு வீட்டில் கூட்டம். வெல்டரின் மனைவி சுவரில் சாய்ந்து கிடந்தாள். அவள் சொன்னது இதுதான்: கை குறுகுறுக்குது என்றார், வெல்டிங் சூடு என்று நினைத்தோம், காய்ச்சல் என்றார், மாத்திரை போட்டோம், தண்ணீர் இறங்கவில்லை என்றார், தொண்டைப் புண் என்று நினைத்தோம். நாய் கடித்ததா என்று டாக்டர் கேட்டபோது இல்லவே இல்லை என்று இவளே அடித்துச் சொல்லியிருக்கிறாள். வெல்டர் கையில் என்றைக்குக் காயம் இல்லாமல் இருந்தது? பொறி சுட்டது பத்து, தகடு கீறியது இருபது. அதற்குள் ஒரு நாய்ப் பல் ஒளிந்துகொண்டால் எந்தப் பெண்டாட்டி கண்டுபிடிப்பாள்?

மூலையில் வக்கீல் நின்றிருந்தாள். அழவில்லை. கட்டுக்காரி உள்ளே வந்ததும் அந்தப் பிள்ளை எல்லாருக்கும் கேட்கிற குரலில், "நான்தான் அப்பாவைக் கூப்பிட்டேன்" என்றது. அதோடு வாயை மூடியதுதான்.

"யாருடி கூப்பிடச் சொன்னது?" என்று யாரோ கேட்டார்கள். பிள்ளை பதில் சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. நில்லு, தள்ளு, சொல்லு, கேளு என்ற பாட்டு அந்தத் தெருவில் யாருக்குத்தான் தெரியாது? அத்தனை தலைகளும் கட்டுக்காரி பக்கம் திரும்பின.

"நாய் வேஷம் போட்டுக் குடியக் கெடுத்தியேடி!" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி காறித் துப்பினாள். கட்டுக்காரி திரும்பி நடந்தாள். சாயங்காலம் தலைமையாசிரியை ஆள் அனுப்பினார்: கொஞ்ச நாளைக்குப் பள்ளிக்கூடம் பக்கம் வர வேண்டாம். டாக்டரும் நல்லவிதமாகத்தான் சொன்னார், ஊர் அடங்கட்டும், வீட்டில் இருங்கள் என்று.

வீட்டில் யார் இருக்கிறார்கள்? கணவன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் நாலு நாள் முகம் காட்டினால் பெரிது. மற்ற நாளெல்லாம் அவளும் அவள் நாத்தனாரும்தான். நாத்தனாருக்கு முழங்காலில் வலி, நாக்கில் ஒரு வலியும் கிடையாது.

"ஊரான் பிள்ளைய ஊட்டி வளர்க்கப் போனியே, இப்ப பார்த்தியா? சும்மா கிடந்த சங்கை எடுத்து ஊதினது யாரு?"

"அண்ணி, கொஞ்சம் சும்மா இருங்க."

"நான் சும்மா இருக்கேன்டி. நீ சும்மா இருந்திருக்கணும்."

ஜன்னலைச் சாத்திக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்தே கிடந்தாள். பழைய துணியைக் கிழித்துப் பட்டை பட்டையாகச் சுற்றுவாள், பிரிப்பாள், மறுபடி சுற்றுவாள். 'பெரியவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?' எட்டு வயது கேட்டதை நாற்பத்தைந்து வயது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டது. பிள்ளைகளை நாயிடமிருந்து தள்ளி நிறுத்தினாள், சரி. நாயிடம் போய் நின்ற மனிதனுக்கு யார் சொன்னார்கள், வாயை முதலில் கட்டு என்று? யார் சொன்னார்கள், கீறலானாலும் சோப்புப் போடு, ஊசிக்கு ஓடு என்று? அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் தண்ணீரும் இறங்கவில்லை என்றதும் நாத்தனார் அலறியே விட்டாள். "அடிப்பாவி, உனக்குமா?" அதற்குப் பிறகு ஏச்சு கொஞ்சம் குறைந்தது.

பதின்மூன்றாம் நாள் காலையில் கதவு இடிபட்டது. திறந்தால் வெல்டரின் மனைவி. கையில் மகள். பிடித்திருந்த பிடியில் பிள்ளையின் மணிக்கட்டு வெளுத்திருந்தது.

"இவ பேசி இன்னியோட பன்னெண்டு நாளு ஆச்சு" என்றாள். "சோறு வச்சா திங்கல. அடிச்சேன், அழல. ஆஸ்பத்திரிக்காரங்க எங்க எல்லாருக்கும் ஊசி போட வந்து எவ்வளவோ கேட்டாங்க, வாயத் திறக்கல. பேசிப் பேசி உயிர வாங்குற பிள்ளை இது. நீதானே சொல்லுன்னு சொல்லிக் குடுத்த? இப்ப சொல்ல வை. அவரும் போயி இவளும் இப்படி ஆனா நான் எங்கடி போவேன்?"

கட்டுக்காரி கதவை அகலத் திறந்தாள். பிள்ளையை உட்காரவைத்துத் தானும் எதிரே, நாலடி தள்ளி, தரையில் உட்கார்ந்தாள். கண்ணைப் பார்க்கவில்லை. அடிபட்டு வந்தவற்றிடம் அவளுக்கு வேறு வழி தெரியாது. வெகு நேரம் பட்டைத் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். வெல்டரின் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, சமையலறை வாசலில் நின்ற நாத்தனாரே, "கொஞ்சம் பொறும்மா" என்று அடக்கினாள்.

"நீ அன்னிக்குச் செஞ்சதெல்லாம் சரி" என்றாள் கட்டுக்காரி, துணியைப் பார்த்தபடியே. "நின்ன. மத்த பிள்ளைங்களத் தள்ளின. போய்ச் சொன்ன. ஒண்ணுகூடத் தப்பில்ல."

பிள்ளை தலையை ஆட்டியது, இல்லை என்று. வலது கையைத் தூக்கி ஆள்காட்டி விரலை மடக்கியது. மடக்கிய விரலை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"கேளு" என்றாள் கட்டுக்காரி. "யாரு பேச்சைக் கேட்ட?"

"அப்பா." பன்னிரண்டு நாள் பூட்டிக் கிடந்த குரல் கரகரத்தது. "அப்பா கையில பல்லு பட்டுச்சு. ரத்தம் வந்துச்சு. சோப்பு போடுப்பா, ஊசி போடணும்பான்னு சொன்னேன். சிரிச்சாரு. அம்மாகிட்டச் சொல்லாத, பயந்துக்குவான்னு சொன்னாரு. நீங்க பெரியவங்க சொன்னா கேளுன்னு சொன்னீங்க. நான் கேட்டேன். யாருகிட்டயும் சொல்லல."

வெல்டரின் மனைவி நின்ற இடத்திலேயே மடிந்து உட்கார்ந்தாள்.

ஊர் கட்டுக்காரியைத் திட்டியதெல்லாம் மூன்றாவது விரலுக்காக, போய்ச் சொல்லச் சொன்னதற்காக. பன்னிரண்டு நாளாக அவளும் தன்னை அதற்காகத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். கொன்றது அது இல்லை. அதற்கு அடுத்த விரல். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அந்தக் கிடங்குக் கதவருகே எட்டு வயதில் நின்றிருக்கிறது. அதன் வாயை அவளே கட்டி அனுப்பியிருக்கிறாள். கடித்து இழுத்தாலும் அவிழாத முடிச்சாகப் போட்டு அனுப்பியிருக்கிறாள்.

"நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்" என்றாள். தாய் காதில் விழும்படியாகவே சொன்னாள். "கேட்டியா? உன் மேல தப்பில்ல. நாலாவது விரல் தப்பு. அது என்னோட தப்பு. பெரியவங்க மறைக்கச் சொன்னா கேக்கக்கூடாது. அப்பாவா இருந்தாலும் கேக்கக்கூடாது. நானா இருந்தாலும் கேக்கக்கூடாது."

பிள்ளை விரலை விடவில்லை. அதற்கு இன்னும் ஏதோ பாக்கி இருந்தது. அம்மாவைப் பார்த்தது, கதவைப் பார்த்தது.

"இன்னும் யாரு சொன்னாங்க, சொல்லாதேன்னு?"

"பெயின்டர் மாமா."

"ஏன்?"

"மாமா விரல்லயும் ரத்தம் வந்துச்சு."

சமையலறை வாசலில் ஏதோ பாத்திரம் விழுந்தது. கட்டுக்காரி எழுந்தது அவளுக்கே தெரியாது. பட்டைத் துணி காலில் சுற்றிக்கொண்டது, உதறினாள்.

"எங்கடி போற?" என்று நாத்தனார் குறுக்கே வந்தாள். "வெளிய தலை காட்டினா கல்லால அடிப்பாங்கடி!"

"அடிக்கட்டும் அண்ணி. வழிய விடுங்க."

நாத்தனார் ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிய முடியாத முழங்காலோடு குனிந்து, செருப்பைக் காலடியில் தள்ளிவிட்டாள். "வெயிலு கொளுத்துது. போட்டுட்டுப் போ."

அப்படித்தான் அவள் அந்த வீட்டுக் கதவைத் தாண்டினாள். ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. வக்கீல் பின்னாலேயே வந்தாள்; மகள் போகிறாளே என்று தாயும் வந்தாள். மூன்று பெண்கள் நட்ட நடுத் தெருவில் வரிசையாகப் போவதைக் குழாயடி முழுக்கப் பார்த்தது. ஒரு குடம் நிரம்பி வழிந்தும் அதை யாரும் எடுக்கவில்லை.

பட்டறையில் பெயின்டர் ஒரு கதவுக்கு வெள்ளி வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை வெள்ளி. வர்ணம் பீய்ச்சுகிற மோட்டார் சத்தத்தில் இவர்கள் வந்தது தெரியவில்லை. கட்டுக்காரியே போய் சுவிட்சை அணைத்தாள்.

"வாங்க நாய் டீச்சர்" என்றார் அவர், முகத்தில் கட்டிய துணியை இறக்கி. "ஒருத்தர அனுப்பியாச்சு. அடுத்தது யாரு?"

பட்டறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். வெல்டரின் மனைவியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அடுத்தது நீங்க. கையக் காட்டுங்க."

"எதுக்கு? ரேகை பாக்கவா? நான் அன்னிக்கு நாய்கிட்டயே போகலம்மா. தள்ளித்தான் நின்னேன். ஊசிக்காரங்ககிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

"பொய்" என்றது ஒரு சின்னக் குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். வக்கீல் முன்னால் வந்து நின்றாள். "நீங்க பொய் சொல்றீங்க மாமா. நீங்கதான் கழுத்தப் பிடிச்சீங்க. இந்த விரல்ல பட்டுச்சு. அப்புறம் பட்டறைக்கு வந்து டப்பாவுக்குள்ள கைய விட்டீங்க. யாருகிட்டயும் சொல்லாதேன்னு சொன்னீங்க."

பெயின்டர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வெள்ளி பரவியது. "சரி, பட்டுச்சு. சின்னக் கீறல். தின்னர்ல முக்கி வச்சேன்ல? இரும்புல ஒட்டின பெயின்டையே உரிச்சு எடுக்குற சரக்கு அது. அதுக்குச் சாகாத கிருமியா? போங்கம்மா. தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி போட்டுக்க நான் தயாரா இல்ல."

"தொப்புள்ல எவன் போடறான்? இப்ப எல்லாம் கையிலதான். எனக்கே போட்டிருக்கு." பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவரு எதுல கழுவினாரு?"

"எவரு?"

"இவ அப்பா."

பெயின்டர் துடைப்பதை நிறுத்தினார். மூலையில் இருந்த தின்னர் டப்பாவைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், தாலி அறுத்து நிற்கிறவளைப் பார்த்தார்.

"அதே டப்பாலதான்" என்றார் மெல்ல. "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கைய விட்டோம்."

பெயின்டர் தன் வலது கையை யாருடைய கையோ போலத் தூக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "எனக்கு விரல் எதுவும் குறுகுறுன்னு இல்ல. இல்லதானே? தண்ணிகூடக் காலையில குடிச்சேன்" என்று குழந்தை மாதிரி கேட்டார்.

"இல்ல. அதனாலதான் இன்னும் நேரம் இருக்கு. நடங்க."

கை கழுவக்கூட அவள் விடவில்லை. வெள்ளி பூசிய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். அதைத்தான் பிற்பாடு, பட்டப்பகலில் அடுத்தவன் கையைப் பிடித்துக்கொண்டு போனாள் என்று பேசினார்கள். பிடித்துக்கொண்டுதான் போனாள். விட்டால் ஓடிவிடுவார் என்று பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் தலையைத் தூக்காமல் கேட்டார். "நாய்க்கடியா? கடிச்சு எத்தனை நாள் ஆச்சு?"

பெயின்டர் விழித்தார். "ஒரு மாசம்… ஒன்றரை மாசம் இருக்கும்."

கட்டுக்காரி விரல் விட்டு எண்ணப் பார்த்தாள், பிடிபடவில்லை.

"அம்பத்து மூணு நாளு" என்றாள் வக்கீல். ஒவ்வொரு நாளையும் அவள் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.